ஒரு கண்ணி வெட்டினால் போதுமா?

பைக் வைத்திருக்கும் எல்லோருக்கும் இன்ஜின் ஆயில் மாற்ற வேண்டும் என்று தெரியும். டயரில் காற்று குறைந்தால் தெரியும். பிரேக் பிடிக்கவில்லை என்றால் அன்றே பட்டறைக்குப் போய்விடுவார்கள். ஆனால் செயின்? "சத்தம் வந்தா பார்த்துக்கலாம்" என்பதுதான் பெரும்பாலானவர்களின் பதில். சத்தம் வரும்போது பார்ப்பதற்கு அங்கே பெரிதாக ஒன்றும் மிச்சம் இருக்காது என்பதுதான் சிக்கல்!

பட்டறைகளில் அடிக்கடி நடக்கும் ஒரு சின்ன உரையாடல் இது.

"அண்ணே, செயின் ரொம்ப லூசா இருக்கு. அட்ஜஸ்டர் கடைசி வரைக்கும் வந்துடுச்சு."

"ஒரு கண்ணி வெட்டி விட்டுர்றேன் தம்பி. இன்னும் ஆறு மாசம் ஓடும்."

தம்பிக்கும் சந்தோஷம், சில ஆயிரம் ரூபாய் மிச்சம். அண்ணனுக்கும் சந்தோஷம், பத்து நிமிட வேலை. இந்த இருவர் சந்தோஷத்தில் அந்த பைக்கின் பல்சக்கரங்கள், கியர்பாக்ஸ், சில சமயம் ஓட்டுபவரின் உயிர் எல்லாமே பணயம் வைக்கப்படுகின்றன. நகரத்துக்குள் அலுவலகம் போய் வரும் பைக்கிலேயே இது தவறு. மண்ணிலும் சேற்றிலும் ஆற்றுக்குள்ளும் போகும் ஆஃப்ரோடு பைக்கில் இது பெரிய தவறு.

செயின் நீள்கிறதா, தேய்கிறதா?

"செயின் நீண்டு போச்சு" என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். கேட்பதற்கு, இரும்புத் தகடுகள் ரப்பர் போல இழுபட்டு நீண்டுவிட்டன என்பது போல இருக்கும். உண்மை அதுவல்ல.

இன்று பைக்குகளில் இருக்கும் ரோலர் செயினின் அடிப்படை வடிவத்தை 1880ல் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் உருவாக்கியவர் ஹான்ஸ் ரெனால்ட். சுவிட்சர்லாந்தில் பிறந்தவர். 140 ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்த அமைப்பு பெரிதாக மாறவில்லை. ஒவ்வொரு இணைப்பிலும் ஒரு எஃகு ஆணி, அதைச் சுற்றி ஒரு புஷ், புஷ்ஷைச் சுற்றி உருளும் ரோலர், இரண்டு பக்கமும் தகடுகள். செயின் பல்சக்கரத்தின் மேல் வளையும் ஒவ்வொரு முறையும் ஆணி புஷ்ஷுக்குள் கொஞ்சம் திரும்புகிறது. அந்தத் திருப்பத்தில்தான் தேய்மானம் நடக்கிறது. ஆணி கொஞ்சம் மெலிகிறது, புஷ்ஷின் உள்பக்கம் கொஞ்சம் அகலமாகிறது. தகடு அப்படியேதான் இருக்கிறது.

ஆஃப்ரோடு பைக்குகளில் பரவலாக இருக்கும் 520 அளவு செயினை எடுத்துக்கொள்ளலாம். இந்த எண்ணில் முதல் இலக்கமான 5 என்பது எட்டில் ஐந்து அங்குலத்தைக் குறிக்கும். அதாவது ஒரு ஆணியின் மையத்திலிருந்து அடுத்த ஆணியின் மையம் வரை 15.875 மி.மீ. ஒவ்வொரு இணைப்பிலும் வெறும் 0.16 மி.மீ. தேய்ந்தால், அது 1 சதவீதம். ஒன்றிரண்டு தலைமுடிகளின் பருமன்தான்! ஆனால் 110 கண்ணிகள் உள்ள செயினில் எல்லாம் சேர்ந்து சுமார் 17.5 மி.மீ. ஆகிவிடும். சக்கரத்தைப் பின்னால் தள்ளித் தள்ளி டைட் வைப்பது இந்தக் கூடுதல் நீளத்தைச் சமாளிக்கத்தான்.

கணக்கே சொல்லும் உண்மை

இப்போது கண்ணி வெட்டும் விஷயத்துக்கு வரலாம். செயினில் உள்தகடு உள்ள கண்ணியும் வெளித்தகடு உள்ள கண்ணியும் மாறி மாறி வருகின்றன. அதனால் ஒற்றைக் கண்ணியை எடுத்துவிட்டு மறுபடி சேர்க்க முடியாது. சேர்ந்தாற்போல ஓர் உள்கண்ணி, ஒரு வெளிக்கண்ணி என இரண்டை எடுக்க வேண்டும். பட்டறையில் "ஒரு கண்ணி" என்று சொல்வது இந்த ஜோடியைத்தான். 520 செயினில் அதன் நீளம் 31.75 மி.மீ.

110 கண்ணிகள் கொண்ட புதுச் செயினின் நீளம் சுமார் 1,746 மி.மீ. அதில் 31.75 மி.மீ. என்பது 1.8 சதவீதம். அதாவது, கண்ணியை வெட்டிய பிறகு பின்சக்கரம் புதுச் செயின் போட்ட நாளில் இருந்த அதே இடத்துக்கு வந்து நிற்கிறது என்றால், அந்தச் செயின் 1.8 சதவீதம் தேய்ந்திருக்கிறது என்று பொருள். செயின் எவ்வளவு தேயலாம் என்பதற்குப் பெரும்பாலான கையேடுகள் வைக்கும் எல்லை 1 முதல் 2 சதவீதத்துக்குள்தான். கண்ணி வெட்டத் தோதான நிலைக்கு வந்த செயின், அநேகமாகத் தூக்கிப் போட வேண்டிய நிலைக்கும் வந்துவிட்டது!

வெட்டுவதால் மொத்த நீளம்தான் குறைகிறது. மீதி 108 கண்ணிகளில் ஒவ்வொன்றுக்கும் இடையில் உள்ள தேய்மானம் அப்படியே இருக்கிறது. பல்சக்கரத்தின் பற்கள் 15.875 மி.மீ. இடைவெளிக்கு வெட்டப்பட்டவை. அதில் 16.16 மி.மீ. இடைவெளி உள்ள செயின் எப்படி ஒழுங்காக உட்காரும்? பல்லின் அடியில் உட்காராமல் மேலேறி உட்காருகிறது. சுமை பல பற்களில் பரவாமல் ஒன்றிரண்டு பற்களின் மேல் விழுகிறது. பல் ஒரு பக்கமாகத் தேய்ந்து கொக்கி போல வளைகிறது. காய்ச்சல் அடிக்கும்போது தெர்மாமீட்டரை ஐஸில் வைத்து இறக்கிக் காட்டுவது போன்றதுதான் கண்ணி வெட்டுவது. அளவு குறையும், நோய் குறையாது.

ஒரு விதிவிலக்கு உண்டு. புதுச் செயின் தேவைக்கு மேல் நீளமாக வந்தால் அதை அளவுக்கு வெட்டுவதும், பல்சக்கரத்தின் அளவை மாற்றும்போது வெட்டுவதும் முறையான வேலைதான். தேய்ந்த செயினை மறைக்க வெட்டுவதுதான் தவறு.

மண்ணில் ஓடும் பைக்குக்கு ஏன் தனிக் கவனம்?

ஒரு தலைமுறை முன்பு இந்தியாவில் ஓடிய பெரும்பாலான பைக்குகளில் செயினை முழுவதும் மூடிய கவர் இருந்தது. மழை, புழுதி எதுவும் உள்ளே போகாது. அதனால் அப்பாக்களின் காலத்தில் செயினைப் பற்றி அதிகம் கவலைப்படவில்லை. இன்றைய கல்லூரி மாணவர்களில் பலர் ஸ்கூட்டரில் வண்டி ஓட்டப் பழகியவர்கள். கியர் இல்லாத ஸ்கூட்டரில் வெளியே தெரியும் செயினே கிடையாது. ஆக, அப்பாவிடமிருந்தும் கற்கவில்லை, ஸ்கூட்டரிலிருந்தும் கற்கவில்லை. நேராகத் திறந்த செயின் உள்ள பைக்குக்கு வந்துவிட்டார்கள்.

2011ல் ஹீரோ நிறுவனத்தின் இம்பல்ஸ் வந்தது. 2016ல் ராயல் என்ஃபீல்டின் ஹிமாலயன், 2019ல் ஹீரோவின் எக்ஸ்பல்ஸ் 200 என்று மண்பாதைக்கு ஏற்ற பைக்குகள் நடுத்தர வர்க்கத்தின் கைக்கு எட்டின. லடாக், ஸ்பிதி என்று கிளம்புபவர்களின் எண்ணிக்கையும் கூடியது. மணாலியிலிருந்து லே போகும் வழியில் பனி உருகிச் சாலையின் குறுக்கே ஓடும் நீரோடைகள் உண்டு, மோரே சமவெளியின் புழுதி உண்டு. ஒரே நாளில் தண்ணீர், சேறு, மணல் மூன்றும் செயின் மேல் ஏறும். எண்ணெய்ப் பசையோடு மணல் சேர்ந்தால் அது இரும்பை அரைக்கும் பசை. தண்ணீர் எண்ணெயைக் கழுவிவிடும், இரவில் துரு பிடிக்கும்.

இதனால்தான் ஓ-ரிங் செயின் வந்தது. ஆணிக்கும் புஷ்ஷுக்கும் இடையில் தொழிற்சாலையிலேயே கிரீஸ் வைத்து, அது வெளியே வராமலும் மண் உள்ளே போகாமலும் தகடுகளுக்கு இடையில் சின்ன ரப்பர் வளையங்களால் மூடிவிடுகிறார்கள். விலை கூடுதல், ஆயுளும் கூடுதல். மோட்டோகிராஸ் பந்தயக்காரர்கள் சிலர் ரப்பர் வளையம் இல்லாத சாதாரணச் செயினையே விரும்புவார்கள். உராய்வு குறைவு, எடை குறைவு. ஆனால் அவர்கள் அதை அடிக்கடி மாற்றிவிடுவார்கள். மாதச் செலவுப் பணத்தில் பெட்ரோல் போடும் மாணவருக்கு அந்தக் கதை ஒத்துவராது.

அப்படியானால் செயினே வேண்டாம், ஷாஃப்ட் வைக்கலாமே என்று சிலர் கேட்பதுண்டு. பெரிய சுற்றுலா பைக்குகளில் ஷாஃப்ட் இருக்கிறது. ஆனால் அது எடை கூட்டும், விலை கூட்டும், காட்டுக்குள் உடைந்தால் கையால் சரிசெய்யவும் முடியாது. செயின் இலகுவானது. இஞ்சினின் சக்தியை அதிகம் வீணாக்காமல் சக்கரத்துக்குக் கொடுப்பது. ஒரு மாற்றுக் கண்ணியும் சின்னக் கருவியும் இருந்தால் வழியிலேயே சேர்த்துவிடலாம். டக்கார் ராலியில் இன்றும் பைக்குகள் செயினில்தான் ஓடுகின்றன. 2015ல் அந்தப் பந்தயத்தை முடித்த முதல் இந்தியர் சி.எஸ். சந்தோஷ். 2024ல் அதன் ராலி 2 பிரிவில் வென்றவர் கேரளத்தின் ஹரித் நோவா. அந்தப் பந்தயத்தின் மராத்தான் கட்டங்களில் அணியின் மெக்கானிக்குகள் உதவிக்கு வர முடியாது. ஓட்டுபவரே தன் பைக்கைப் பார்த்துக்கொள்ள வேண்டும். உலகத் தரத்தில் ஓட்டுபவருக்கே செயின் டைட் வைக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்றால், ஞாயிற்றுக்கிழமை மலையேறும் மாணவருக்குத் தெரிவதில் என்ன கௌரவக் குறைச்சல்?

எப்போது மாற்ற வேண்டும்?

இதற்கு மெக்கானிக்கின் கண் தேவையில்லை. ஓர் அளவு நாடா போதும். செயினின் ஒரு பக்கத்தை விறைப்பாக இழுத்துப் பிடித்து, ஓர் ஆணியின் மையத்திலிருந்து 21வது ஆணியின் மையம் வரை அளக்க வேண்டும். 520 செயின் புதிதாக இருந்தால் 317.5 மி.மீ. இருக்கும். 321 மி.மீ. தாண்டிவிட்டால் 1 சதவீதத்தைத் தாண்டிவிட்டது, புதுச் செயினுக்குப் பணம் சேர்க்க ஆரம்பிக்கலாம். பைக்கின் கையேட்டில் உள்ள எல்லையைத் தொட்டால் தாமதிக்கக் கூடாது.

அளவு நாடாவும் இல்லையென்றால் இன்னொரு வழி. பின்பக்கப் பல்சக்கரத்தின் பின்முனையில் செயினைக் கையால் பின்னோக்கி இழுத்துப் பார்க்க வேண்டும். நல்ல செயின் அசையாது. பல்லின் பாதி உயரம் தெரியும் அளவுக்குச் செயின் விலகி வந்தால் அதன் காலம் முடிந்தது. சக்கரத்தை மெதுவாகச் சுற்றும்போது ஓரிடத்தில் டைட்டாகவும் இன்னோரிடத்தில் லூசாகவும் இருந்தாலும் அதே தீர்ப்புதான். வளையாமல் விறைத்து நிற்கும் கண்ணிகள், காணாமல் போன ஓ-ரிங்குகள், கொக்கி போல வளைந்த பற்கள் எல்லாம் சாட்சிகள்.

செயினை மட்டும் மாற்றலாமா?

இரண்டாவது பெரிய சிக்கனம் இது. "பல்சக்கரம் இன்னும் நல்லாத்தான் இருக்கு, செயினை மட்டும் போடுங்க" என்பார்கள். தேய்ந்த செயினோடு சேர்ந்து தேய்ந்த பற்கள் அந்தத் தேய்ந்த இடைவெளிக்குப் பழகிவிட்டவை. அதன் மேல் புதுச் செயின் போட்டால் புதுச் செயினும் சீக்கிரமே பழையதின் வழிக்குப் போய்விடும். முன்பக்கப் பல்சக்கரம் இன்னும் பாவம். முன்னால் 13 பற்கள், பின்னால் 52 பற்கள் என்று வைத்துக்கொண்டால், பின்சக்கரம் ஒருமுறை சுற்றும்போது முன்பல்சக்கரம் நான்கு முறை சுற்றுகிறது. அதன் ஒவ்வொரு பல்லும் நான்கு மடங்கு அடி வாங்குகிறது. செயினை எல்லைக்கு முன்பே மாற்றும் பழக்கம் உள்ளவர்களுக்கு ஒரு பின்பல்சக்கரம் இரண்டு செயினுக்கு வரலாம். அவர்கள் அளந்து பார்த்து ஓட்டுபவர்கள். சத்தம் வந்த பிறகு வருபவர்களுக்கு மூன்றும் சேர்ந்த கிட்தான் சரி.

மாற்றும்போது கவனிக்க வேண்டியவை சில உண்டு. பழைய செயின் இருக்கும்போதே பின்பிரேக்கைப் பிடித்துக்கொண்டு முன்பல்சக்கரத்தின் நட்டைத் தளர்த்திவிட வேண்டும். செயினைக் கழற்றிய பிறகு அந்த நட்டோடு மல்லுக்கட்டுவது பெரும்பாடு. புதுச் செயினில் கண்ணிகளின் எண்ணிக்கையைப் பழையதோடு ஒப்பிட்டு எண்ண வேண்டும். நீளத்தை வைத்து ஒப்பிடக் கூடாது, பழையது தேய்ந்து நீண்டிருக்கும். கிளிப் வைத்த லாக் என்றால், கிளிப்பின் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்த்து இருக்க வேண்டும். திருப்பிப் போட்டால் ஒரு குச்சி பட்டாலே கழன்றுவிடும். சக்கரம் நேராக இருக்கிறதா என்று இரண்டு பக்கமும் அளந்து பார்க்க வேண்டும். புதுச் செயின் முதல் சில நூறு கிலோமீட்டரில் கொஞ்சம் இளகும், அப்போது ஒருமுறை சரிபார்க்க வேண்டும்.

டைட் வைப்பதிலும் ஒரு தவறு சகஜம். வீணைத் தந்தி போல விறைப்பாக இருந்தால்தான் நல்லது என்று நினைப்பது! ஆஃப்ரோடு பைக்கின் பின்சஸ்பென்ஷன் நிறைய மேலும் கீழும் போகும். முன்பல்சக்கரம், ஸ்விங் ஆர்மின் அச்சு, பின்சக்கரத்தின் அச்சு மூன்றும் ஒரே கோட்டில் வரும்போது செயின் மிகவும் விறைப்பாகும். அந்த நிலைக்கு இடம் விடாமல் டைட் வைத்தால், ஒவ்வொரு பள்ளத்திலும் கியர்பாக்ஸின் பேரிங் இழுபடும். அதனால்தான் இவற்றுக்குச் சாலை பைக்குகளைவிடக் கூடுதல் தொய்வு சொல்கிறார்கள். எவ்வளவு என்பது அந்தந்த பைக்கின் ஸ்விங் ஆர்மில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரிலோ கையேட்டிலோ இருக்கும். அதைச் சேறு மறைத்திருந்தால் துடைத்துப் படிக்கலாம்.

கழுவும்போது விரல் பத்திரம்

பராமரிப்பு பெரிய வித்தை அல்ல. மண்ணெண்ணெய், மென்மையான பிரஷ், பழைய துணி, செயின் லூப் அல்லது 90 கிரேடு கியர் ஆயில். அவ்வளவுதான். பெட்ரோல் வேண்டாம், அது ஓ-ரிங்கைக் கெடுக்கும், தீப்பிடிக்கவும் செய்யும். கம்பி பிரஷ் வேண்டாம். அழுத்தமாக நீர் பீய்ச்சும் வாட்டர் வாஷை நேராகச் செயின் மேல் காட்ட வேண்டாம். பட்டறையில் இலவசமாகக் கிடைக்கும் கழிவு ஆயில் வேண்டவே வேண்டாம், அதில் ஏற்கனவே ஓர் இன்ஜினின் அழுக்கும் இரும்புத் துகளும் இருக்கின்றன. லூப்பைச் செயினின் உள்பக்கமாக, ஓட்டி முடித்த சூட்டில் விட்டு, மிச்சத்தைத் துடைத்துவிட வேண்டும். சொட்டச் சொட்ட விட்டால் மண்தான் ஒட்டும், டயரிலும் டிஸ்க்கிலும் தெறித்தால் ஆபத்து வேறு. சாதாரணச் சாலையில் 500 கிலோமீட்டருக்கு ஒருமுறை, சேற்றிலும் தண்ணீரிலும் போன ஒவ்வொரு நாளின் முடிவிலும் என்று வைத்துக்கொண்டால் நல்லது.

எல்லாவற்றையும்விட முக்கியம் ஒன்று. இன்ஜினை ஓடவிட்டு, முதல் கியரில் போட்டு, சுற்றும் செயினில் துணியைப் பிடித்துத் துடைப்பது பலரின் வழக்கம். துணியின் ஒரு நூல் சிக்கினால் போதும். கையை இழுப்பதற்குள் விரல் பல்சக்கரத்துக்குள் போய்விடும். இப்படி விரல் இழந்தவர்கள் உண்டு. இன்ஜினை அணைத்து, சாவியை எடுத்துவிட்டு, நியூட்ரலில் சக்கரத்தைக் கையால் சுற்றித்தான் துடைக்க வேண்டும். பல ஆஃப்ரோடு பைக்குகளில் சென்டர் ஸ்டாண்டு கிடையாது. ஒரு நண்பர் பைக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ள, இன்னொருவர் நிறுத்தி நிறுத்தித் துடைக்கலாம். நேரம் ஆகும். ஆகட்டுமே!

யார் மேல் தவறு?

கண்ணி வெட்டும் மெக்கானிக்கை மட்டும் குறை சொல்வது நியாயமல்ல. "கிட் மாத்தணும் தம்பி" என்று அவர் உண்மையைச் சொன்னால், "இவர் காசு பிடுங்கப் பார்க்கிறார்" என்று அடுத்த பட்டறைக்குப் போகும் வாடிக்கையாளர்தான் அவருக்கு அந்தக் கத்தரியைக் கொடுத்தவர். பைக்குக்கு ஸ்டிக்கர் ஒட்டவும், சத்தம் போடும் சைலன்சர் மாட்டவும், பக்கவாட்டில் பெட்டி வைக்கவும் பணம் இருக்கிறது. செயினுக்கு மட்டும் இல்லை என்றால் அது வறுமை அல்ல, முன்னுரிமை தெரியாமை.

தேய்ந்த செயின் அறுந்தால் என்ன ஆகும் என்று கொஞ்சம் யோசித்தால் போதும். அதிர்ஷ்டம் இருந்தால் செயின் பின்னால் கழன்று விழும், பைக் உருண்டு நிற்கும். இல்லையென்றால் முன்பல்சக்கரத்தில் சுருண்டு சிக்கி இன்ஜினின் கேஸை உடைக்கும். அந்தச் செலவில் பல செயின் கிட் வாங்கலாம். இன்னும் மோசம், பின்சக்கரம் அப்படியே லாக் ஆகும். ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் பள்ளம் என்ற சாலையில் அது நடந்தால் கணக்குப் போட ஆள் இருக்காது.

ஒரு அளவு நாடா, மாதம் ஒரு அரை மணி நேரம், 321 என்ற ஓர் எண் நினைவில். ஒரு மாணவர் கற்றுக்கொள்ள வேண்டியது இவ்வளவுதான். அடுத்த முறை பட்டறையில் "ஒரு கண்ணி வெட்டிரலாமா தம்பி?" என்று கேட்டால், "முதல்ல அளந்து பார்த்துரலாம் அண்ணே" என்று சொல்லும் தம்பிகள் பெருகினால், அண்ணன்களும் தாமாகவே மாறிவிடுவார்கள்.